குவளைத் தண்ணீர் காத்த உயிர்கள்

இடம்பெயர்ந்து கொட்டிலில் வாழும்போது பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் நம் நெஞ்சு பதறுகிறது. ஆஸ்பத்திரியோ தூரம். இந்நிலையில் வைத்தியர் திலீப் மகலனாபிஸ் (1934–2022) செய்த பணியை நாம் அறிவது நல்லது.

1971 இல் கிழக்குப் பாகிஸ்தான் போருக்குத் தப்பி இலட்சக்கணக்கானோர் மேற்கு வங்கத்துக்கு ஓடிவந்தனர். எல்லை நகரான பொங்காவில் கொலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் போதவில்லை. அவர் உப்பு, அப்பச்சோடா, குளுக்கோசு ஆகியவற்றை அளந்து தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். உறவினரே குவளையில் எடுத்துப் பருக்கினர். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், இறப்பு 4 பேருக்கும் குறைந்தது.

காரணம் எளிது. சீனிச்சத்தோடு சேர்ந்தே குடல் உப்பை நன்றாக உறிஞ்சும். உப்பின் பின்னே தண்ணீரும் உடலில் சேரும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஜீவனிப் பொதி இருந்தால், அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைப்போம்.

2. இல்லையேல், கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்புக் கரைப்போம். உப்புக் கூடினால் ஆபத்து.

3. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுப்போம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

4. 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுவோம்.

கண் குழிந்தாலோ, பிள்ளை சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியரிடம் கொண்டுபோவோம். போகும் வழியிலும் பருக்குவோம். பொங்காவில் உயிர் காத்தவை வீட்டாரின் கைகளே.