திருவல்லிக்கேணியில் குடிபோகிறவர்களுக்கு

பார்த்தசாரதி கோயிலுக்கும் வாலாஜா மசூதிக்கும் இடைப்பட்ட தெருக்களில் ஒரு வாசலுக்குள் ஆறேழு குடித்தனம் இருப்பது வழக்கம். முற்றம் வைத்த பழைய வீடுகள் போர்ஷன்களாகப் பிரிந்தன. பிறகு அவற்றை இடித்து மூன்று மாடி எழுப்பினார்கள். பக்கத்திலேயே மான்ஷன்கள். சுவர், சம்ப், மாடிப்படி எல்லாம் பொதுவாக இருக்கும் இடத்தில் ஒருவர் செய்வது உடனே அடுத்தவர் வீட்டுக்குள் போய்விடும். வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளியூரிலிருந்து வந்து இங்கே வீடு தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. சட்டம் எழுதிவைத்தவை பாதி. மீதி, எங்கும் எழுதாதவை.

செய்ய வேண்டியவை

வீட்டைக் காலையில் போய்ப் பாருங்கள். புரோக்கர் சாயங்காலம் கூட்டிப்போவார். அப்போது எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். விடிந்ததும் போனால்தான் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, யார் குடத்தோடு கீழே இறங்குகிறார்கள் என்பது தெரியும். போர் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பாருங்கள். கடல் பக்கம் என்பதால் சில கட்டடங்களில் உப்புக் கரிக்கும். கீழ்வீட்டு அம்மாவிடம், "மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு விடுவாங்க? கோடையில லாரிதானா?" என்று கேளுங்கள். ஓனர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். "பதினோரு மாசந்தானே, பதிவெல்லாம் எதுக்கு?" என்பார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எவ்வளவு காலத்துக்குக் குடியிருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதற்கு இடமுண்டு. பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்களுக்கு வசதியாக இருப்பது அந்த ஒரு வரிதான். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றிய வரியைத் தேடிப் படித்து, பேசிக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

காலி செய்யும்போது 'வெள்ளை அடிக்க' என்று பிடிக்கும் பணம்தான் இந்தப் பேட்டையில் அதிகம் சண்டைக்கு வருவது. எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ரூபாயில் எழுத வையுங்கள். பால் காய்ச்சுகிற அன்றே சுவரின் ஓதம், ஒழுகும் குழாய், உடைந்த தாழ்ப்பாள், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். தகராறு வந்தால் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்துவதற்கு ஓனருக்கு உரிமை கிடையாது. வீட்டுக்குள் வருவதற்கும் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும்.

தனி இ.பி. மீட்டர் உள்ள வீடாகப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை கூடும். ஒரே இணைப்பிலிருந்து நான்கு குடித்தனத்துக்குச் சப்-மீட்டர் வைத்தால் நால்வர் செலவும் ஒரே கணக்கில் ஏறும். இலவசம் உங்கள் கைக்கு வராது, விலை மட்டும் உச்சத்தில் வரும். வாடகை 500 ரூபாய் குறைவு என்று இப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறவர்கள் கோடையில் அந்த மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள்.

மோட்டார் முறையை முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள். பல கட்டடங்களில் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கும். அதில் மோட்டார் அறைச் சாவி, கயிறு கட்டிய பேனா, ஓரம் சுருண்ட ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் எத்தனை மணிக்குப் போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். அந்த நோட்டு இருக்கும் கட்டடத்தில் தண்ணீர்ச் சண்டை அபூர்வம். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கி மாட்டுங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு போனில் பேசப் போய்விட்டால், டேங்க் வழிந்து சுவரோடு இறங்குவது மூன்றாம் மாடிக் குடித்தனக்காரரின் நாளைய குளியல் தண்ணீர்.

குப்பையை வீட்டிலேயே மக்குவது, மக்காதது என்று பிரித்து வைத்து, பேட்டரி வண்டி வரும்போது கையில் கொடுங்கள். வராவிட்டால் மாநகராட்சியின் 1913-க்குப் பேசுங்கள். வாடகைக்கு இருப்பவரும் புகார் கொடுக்கலாம்.

செய்யக்கூடாதவை

மாடிப்படிக்குக் கீழே பேட்டரி ஸ்கூட்டரைச் சார்ஜ் போடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். இங்கே பெரும்பாலான கட்டடங்களில் மீட்டர் பலகை படிக்கட்டின் அடியில்தான் இருக்கிறது. அதை ஒட்டி நாலைந்து டூவீலர்கள், அவற்றின் டேங்க்கில் பெட்ரோல், மேலே யாரோ போட்டுவைத்த பழைய மெத்தை. கட்டடத்துக்கு இருப்பதோ அந்த ஒரே படி. ராத்திரி அங்கே தீப்பிடித்தால் புகை படிக்கட்டு வழியாகவே மேலே ஏறும். மாடியில் இருப்பவர்களுக்கு இறங்க வேறு வழி கிடையாது. சந்துக்குள் தீயணைப்பு வண்டி வருவதும் சிரமம். சார்ஜ் போட்டே ஆக வேண்டுமென்றால், கழற்றக்கூடிய பேட்டரி உள்ள வண்டியாக வாங்கி, பகலில், ஆள் விழித்திருக்கும்போது, வாசலுக்குச் செல்லும் வழியை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மொட்டை மாடிக் கதவையும் பூட்டிச் சாவியை எடுத்துப் போகாதீர்கள். தப்பிக்க மிஞ்சும் இடம் அதுதான்.

ராத்திரி பத்துக்கு மேல் கிரைண்டர் போடாதீர்கள். உங்கள் தரை கீழ்வீட்டுக் குழந்தைக்குக் கூரை. பகலிலும் அடியில் மடித்த கோணி ஒன்றைப் போட்டால் அதிர்வு குறையும். துணியைச் சொட்டச் சொட்டக் கொடியில் போடாதீர்கள்; கீழே வடாம் காய்கிறதா என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

விசேஷ நாட்களில் மாட வீதியில் வண்டியை விட்டுப் போகாதீர்கள். சித்திரையில் தேர், மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், ரம்ஜானில் தொழுகைக்கு வருகிறவர்கள், சேப்பாக்கத்தில் மேட்ச் என்று இந்தப் பேட்டைக்கு நெரிசல் புதிதல்ல. இவற்றைத் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வருகிறவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால் வீடு கிடைக்காமல் அலைந்தவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். வீடு விடுகிறவர் கேட்டாலும் தவறுதான். தானும் வாடகைக்கு இருந்துகொண்டு ஒருவர் அதைக் கேட்பது அதைவிட மோசம்.

பக்கத்துக் குடித்தனத்தில் சாவு நேர்ந்தால் உங்கள் கதவை மூடிக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஓனர் சொல்லிவிட, அங்கிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோன குடும்பங்கள் சென்னையில் உண்டு. செத்தவரைத் தன் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் கிடத்த முடியாத துக்கம் அந்தப் பிள்ளைகளை ஆயுசுக்கும் விடாது. ஒரு குடித்தனக்காரர் தனியாகக் கேட்டால் ஓனர் மறுக்கலாம். எல்லாக் குடித்தனமும் சேர்ந்து கீழே இறங்கி நின்றால் மறுப்பது கஷ்டம். படிக்கட்டில் இருக்கும் வண்டிகளை உடனே வெளியே எடுங்கள். அன்றைய தண்ணீரை அந்த வீட்டுக்கு விடுங்கள். வருகிறவர்கள் உட்கார உங்கள் முன்னறையைத் திறந்துவிடுங்கள். அந்தக் குடும்பத்தோடு உங்களுக்குப் பேச்சு இருந்ததா இல்லையா என்பது அன்றைக்கு முக்கியமல்ல.

கடைசியாக ஒன்று. வாக்காளர் அட்டையைப் பழைய முகவரியிலேயே விட்டுவைக்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி மாறுவதால், தெருவில் குடியிருப்பது ஒருவர், பட்டியலில் இருப்பது வேறொருவர் என்றாகிவிடுகிறது. ஓட்டு இல்லாத தெருவின் சாக்கடைக்குக் கவுன்சிலர் அவசரப்பட மாட்டார். குடிவந்தவுடன் படிவம் 8-ஐ நிரப்பி, சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி தொகுதிக்குப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் கிடையாது.