தொலைவில் இருக்கும் வரைபடம்

2020-ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கின்போது, என்னிடம் இயற்பியல் பயின்ற பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சென்னையில் மோட்டார் வாகன உறுப்புகளை வடிவமைப்பது அவர் வேலை. அவர் திருத்தும் படங்களோ அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள கணினியொன்றில் இருக்கின்றன. "வீட்டு இணைய இணைப்பின் வேகத்தை இரு மடங்காக்கிவிட்டேன் சார். படம் திறக்க முன்போலவே அரைமணிக்கு மேல் ஆகிறதே, ஏன்?" என்று கேட்டார். இதற்கு விடை நம் ஒளியியல் பாடத்தில் இருக்கிறது.

மாணவர்களே, கேட் எனப்படும் கணினிவழி வடிவமைப்பில் ஓர் எஞ்சின் என்பது ஒரே படமன்று. ஒவ்வொரு திருகாணியும் வளையமும் பெரும்பாலும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். எது எங்கே பொருந்தும் என்பதை மட்டும் ஒரு தலைமைக் கோப்பு சொல்லும். அதைத் திறந்தால், கணினி ஒவ்வோர் உறுப்பையும் தேடிச் செல்லும். "இருக்கிறதா? யாரேனும் மாற்றினார்களா? அளவு என்ன? சரி, அனுப்பு" என்று கேள்வியும் பதிலுமாக உரையாடல் நடக்கும். ஒரு பதில் வந்த பின்பே அடுத்த கேள்வி போகும் என்று வைத்துக்கொள்வோம்.

கடைக்குப் போகும் பையனிடம் பட்டியல் கொடுக்காமல், முதலில் உப்பு, திரும்பி வந்ததும் புளி, பிறகு மிளகாய் என்று சொல்லியனுப்பினால் என்னவாகும்? தெருவை எவ்வளவு அகலமாக்கினாலும் அவன் நடை குறையாது.

இந்த நடைக்கு எவ்வளவு நேரம்? வெற்றிடத்தில் ஒளி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. செல்கிறது. கண்ணாடி இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. ஆகவே அதனுள் வேகம் 2 லட்சம் கி.மீ.தான். சென்னைக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே, பூமிப் பரப்பின் மீது மிகக் குறுகிய வழி சுமார் 13,600 கி.மீ. போய்வர 27,200 கி.மீ.; 0.136 வினாடி. எத்தனை பணம் கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது. கடலடிக் கம்பிகள் வளைந்து செல்வதாலும், வழியில் பல கருவிகளைக் கடப்பதாலும் கால் வினாடி ஆவது இயல்பே.

இனிக் கணக்கைப் போடுவோம். 2,000 உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் 4 கேள்விகள். மொத்தம் 8,000 நடை. ஒரே கட்டடத்துக்குள் ஒரு நடைக்கு அரை மில்லிவினாடி என்றால் 4 வினாடியில் முடியும். கால் வினாடி என்றால் 2,000 வினாடி, அதாவது 33 நிமிடம்! கோப்புகளின் மொத்த அளவு 1 கிகாபைட், அதாவது 8,000 மெகாபிட் எனில், வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அது வந்துசேர 80 வினாடி. 200 மெகாபிட்டில் 40 வினாடி. இரு மடங்கு பணம் கட்டி நண்பர் மிச்சப்படுத்தியது அந்த 40 வினாடிதான்.

வி.பி.என். என்னும் பாதுகாப்பு வழியை அவர் சந்தேகித்தார். அது ஒவ்வொரு கடிதத்தையும் சங்கேத மொழியாக்கி, இன்னோர் உறைக்குள் இடுகிறது. 1,500 பைட் கடிதத்தில் உறைக்குச் சில பத்து பைட்டுகளே செலவு. அதன் வாசல் வேறொரு நாட்டில் இருந்து, கடிதங்கள் சுற்றிப் போக நேர்ந்தால்தான் தொல்லை.

வழி என்ன? கோப்பை அங்கேயே விட்டுவிட்டு, டெட்ராய்ட் கணினியிலேயே வேலையை நடத்தலாம். 8,000 நடையும் அந்தக் கட்டடத்துக்குள் முடிந்துவிடும். திரையின் தோற்றம் மட்டும் இங்கே வரும். ஆனால் மவுஸை நகர்த்திக் கால் வினாடி கழித்தே படம் திரும்பும். நிறுத்த நினைத்த இடத்தைக் கை தாண்டிவிடும்.

அல்லது சென்னையிலேயே ஒரு பிரதி வைத்து, மாறிய உறுப்புகளை மட்டும் இரவில் பரிமாறிக்கொள்ளலாம். இதில் வேறோர் ஆபத்து உண்டு. ஒரே துளையை இங்கே ஒருவர் 8 மி.மீ. ஆக்க, அங்கே ஒருவர் 10 மி.மீ. ஆக்கினால், எந்தத் துளைக்கு ஆணி செய்வது? ஆகவே ஒருவர் எடுத்த உறுப்பை மற்றவர் பார்க்கலாமே தவிர, தொடக்கூடாது என்று பூட்டு வைக்க வேண்டும்.

நண்பர் முதல் வழியைத் தேர்ந்தார். மவுஸைச் சிறிது நகர்த்தி, படம் திரும்பும்வரை காத்திருந்து, மீண்டும் நகர்த்தப் பழகிக்கொண்டாராம். மறு மாதமே பழைய, மலிவான இணைப்புக்குத் திரும்பிவிட்டார்.