புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கும் முன்

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. 1957-இல் வந்த முதல் மாடல், எண் 2915-1. கறுப்பாக இருக்க வேண்டிய டயல் பழுப்பேறிக் கிடந்தது. நிறம் வெளுத்தால் விலை ஏறுகிற விசித்திர உலகம் இது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல் ஒமேகாவே விஷயத்தைப் போட்டு உடைத்தது: அது பல கடிகாரங்களின் பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து உருவாக்கிய ஒட்டுக் கடிகாரம், முன்னாள் ஊழியர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

செய்த கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், ஷோரூமில் பெட்டியும் வாரண்டி அட்டையுமாக வாங்கிய புது ஸ்பீட்மாஸ்டரைக் கொடுத்துவிட்டு எழுபதுகளின் ஸ்பீட்மாஸ்டர் ஒன்றைக் கையில் வாங்க நினைப்பவர் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. ஆசையில் தப்பில்லை. பழசின் டயல் புள்ளிகள் சந்தன நிறத்துக்கு வந்திருக்கும். டயலைச் சுற்றிய பெசல் வளையத்தின் கறுப்பு சாம்பலாகியிருக்கும். உலகத்தில் இன்னொன்று அதே மாதிரி இருக்காது. ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்த அனுபவத்தில் ஒன்று சொல்லலாம்: எதிரே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் கட்டியிருப்பவருக்கு மட்டுமே. ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக மாற்றுகிறவருக்கு இது வீண் செலவு.

புதுசு என்ன தருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். 2021 முதல் வரும் ஸ்பீட்மாஸ்டரில் இருப்பது 3861 இயந்திரம். ஒரு முறை சாவி கொடுத்தால் 50 மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு 5 விநாடிக்கு மேல் முந்தாது, பிந்தவே பிந்தாது என்பது சான்றிதழ் கணக்கு. 15,000 காஸ் வரையிலான காந்தப்புலத்துக்கு அசையாது. இந்தக் கடைசி எண்ணைப் பலர் விளம்பர வாசகமாக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். டேப்லட் உறையிலும் கைப்பை மூடியிலும் மொபைல் ஸ்பீக்கரிலும் காந்தம் உட்கார்ந்திருக்கும் காலத்தில், பழைய கடிகாரத்தின் ஹேர்ஸ்பிரிங் காந்தமேறிச் சுருள் ஒட்டிக்கொண்டால் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடும். காந்தம் நீக்கும் கருவி சில நூறு ரூபாய்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் புதுக் கடிகாரக்காரருக்கு அந்தக் கருவி இருப்பதே தெரியாது.

தண்ணீர் விஷயம் இன்னும் கறாரானது. அரை நூற்றாண்டுப் பழைய கேஸை மழைக்கும் வியர்வைக்கும் நம்பி விட முடியாது. ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றினாலும் குழாயடியில் கழற்றி வைப்பதே உத்தமம். நம் ஊரின் ஐப்பசி மழையில் பைக்கில் போகிறவர், கையில் வேறு கடிகாரம் எதுவும் இல்லாதவர் இந்த மாற்றத்தில் இறங்கவே வேண்டாம்.

அடுத்தது நிலாக் கதை. ஸ்பீட்மாஸ்டர் விற்கிற ஒவ்வொருவரும் இதை எடுத்துவிடுவார்கள். 1965 மார்ச்சில் நாசா தன் விண்வெளி வீரர்களுக்கென இந்தக் கடிகாரத்தைத் தேர்ந்தது உண்மை. 1969-இல் நிலாவுக்குப் போனவற்றில் இருந்தது 321 என்ற இயந்திரம். ஆனால் 1968-லேயே ஒமேகா 861 என்ற வேறு இயந்திரத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது. சந்தையில் அதிகம் கிடைக்கும் 145.022 மாடலில் இருப்பது இந்த 861. நிலாவில் அணிந்த முதல் கடிகாரம் என்று பின்மூடியில் செதுக்கியிருப்பதைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். அந்த வாசகம் நிலாப் பயணத்துக்குப் பிறகு பொறிக்கப்பட்டது. அதைத் தாங்கி வரும் கடிகாரத்துக்குள் நிலாவுக்குப் போன இயந்திரம் இருக்காது. 861 மோசமில்லை. உழைப்பில் எமன். 321-இன் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பழைய வீட்டுக்கு வில்லங்கம் பார்ப்பதுபோல் பழைய கடிகாரத்துக்கும் பார்க்க வேண்டும். பின்மூடியைத் திறக்காமல் பேச்சை ஆரம்பிக்கவே கூடாது. மாடல் எண் மூடியின் உள்பக்கம் இருக்கும், வரிசை எண் இயந்திரத்தில் இருக்கும். இரண்டும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். திறக்க மறுக்கும் விற்பனையாளருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பிறகு டயலும் முட்களும். அந்தக் காலத்து ஒளிப்பூச்சில் இருந்தது டிரிட்டியம். டயலின் அடியில் ஸ்விஸ் மேட் என்பதன் இருபுறமும் ஆங்கில டி எழுத்து இருப்பது அதற்கு அடையாளம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. எழுபதுகளின் கடிகாரத்தில் இன்று பதினாறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிச்சம். புற ஊதா டார்ச்சைக் காட்டி அணைத்தால் அசல் பூச்சு உடனே இருண்டுவிடும். முட்கள் மட்டும் பச்சையாக நெடுநேரம் மின்னினால் அவை தொண்ணூறுகளின் இறுதிக்குப் பின் மாற்றப்பட்டவை. இதில் மோசடி இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பெனி சர்வீசிலேயே அப்படி மாற்றிக் கொடுப்பது வழக்கம். கடிகாரம் நன்றாகவே ஓடும். சேகரிப்பவர் கொடுக்கும் விலைதான் இறங்கும். ஐம்பதுகளின் மாடல் என்றால் பூச்சு ரேடியம். அதை வீட்டில் திறந்து நோண்டவே கூடாது.

கேஸில் பட்டை மாட்டும் காதுகளை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பீட்மாஸ்டர் காதுகளின் வளைவில் கூரான விளிம்பு ஒன்று ஓடும். திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டவற்றில் அந்த விளிம்பு கரைந்து சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். கண்ணாடிக் கீறல் ஒரு பொருட்டே இல்லை. அது அக்ரிலிக், பசை தேய்த்தால் போய்விடும். போன உலோகம் திரும்பாது.

பணக் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். சரிக்குச் சரி, மேலே ஒரு பைசா வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்கும். புதுக் கடிகாரத்தின் சந்தை விலை ஊருக்கே தெரியும். பழசின் விலை அவர் சொல்வதுதான். மாற்றும்போது உங்களுடையதை அவர் வாங்கும் விலைக்கும், தன்னுடையதை விற்கும் விலைக்கும் கணக்குப் போடுகிறார். லாபம் இரண்டு பக்கமும் அவருக்கு. அதனால் மாற்றம் என்ற பேச்சை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். என்னுடையதை ரொக்கத்துக்கு எடுத்தால் எவ்வளவு? உங்களுடையதை நான் ரொக்கம் கொடுத்து வாங்கினால் எவ்வளவு? இரண்டு விலைக்கும் நடுவே இருக்கும் தொகையைப் பார்த்த பிறகு, தனியாக விற்றுத் தனியாக வாங்குவதே மேல் என்று பலருக்கும் பட்டுவிடும். அலைச்சல் கூடுதல்தான்.

இத்தனைக்கும் பிறகு மனம் பழசின் பக்கமே நின்றால் வாங்கலாம். ரசீதில் மாடல் எண், வரிசை எண், மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட ஒரு வாரத் தவணையும் கேட்க வேண்டும். முதல் சர்வீசுக்குக் கொடுக்கும்போது பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் தொட வேண்டாம், கழற்றும் ஒவ்வொரு உதிரியும் பொட்டலமாகத் திரும்ப வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது பட்டறை வரைக்கும் போய்ச் சேருவதில்லை.