குழந்தையோட தரையில உட்கார அரை மணி நேரம்: வீட்டிலேயே செய்ய நாலு கைவேலை



இங்க படிக்கிறவங்கள்ல நிறைய பேர் என் வயசுக்காரங்க. சிலர் புதுசா அப்பா அம்மா ஆனவங்க, சிலர் வீட்டுல அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளைன்னு யாராவது ஒரு வாண்டு இருக்கும். அவங்களுக்காகத்தான் இந்தப் பாடம். மூணு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளோட சேர்ந்து செய்யக்கூடிய நாலு கைவேலை. கடைக்குப் போய்ப் பெருசா எதுவும் வாங்க வேண்டாம். முக்கால்வாசி சாமான் சமையலறையிலும் பழைய டப்பாவிலும் இருக்கும்.

இது பொழுதுபோக்கு மட்டும்தானான்னு கேட்டா, என் வீட்டுல அப்படி இல்ல. என் பையனுக்கு இப்போ மூன்றரை வயசு. ரெண்டரை வயசு ஆகியும் அவன் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசல. 'தண்ணி' வரும், 'தா' வரும், 'தண்ணி தா' வராது. குழந்தை டாக்டர் முதல்ல காதுப் பரிசோதனை எடுக்கச் சொன்னாங்க. காது நல்லா இருந்தது. அடுத்து பேச்சுப் பயிற்சி தர்ற ஒரு அம்மாகிட்ட அனுப்பினாங்க. நான் ஏதோ பெரிய கருவி எல்லாம் இருக்கும்னு நினைச்சுப் போனேன். அவங்க ஒரு பாயை விரிச்சு, என்னையும் அவனையும் எதிரெதிரா உட்கார வெச்சு, கையில களிமண்ணைக் கொடுத்தாங்க.

அவங்க சொன்னதைச் சுருக்கமா தர்றேன். நாலு கைவேலைக்கும் அடிப்படை இதுதான்.

• குழந்தையோட கண் மட்டத்துல, முகம் பார்த்து உட்காரணும்.
• செய்யறதைச் சின்னச் சின்ன வார்த்தையில சொல்லிக்கிட்டே செய்யணும். "மடிக்கிறேன். வெட்டுறேன். ஒட்டுறேன்."
• குழந்தை ஒரு வார்த்தை சொன்னா, நாம அதோட ஒண்ணு சேர்த்துத் திருப்பிச் சொல்லணும். அவன் "பேப்பர்"னு சொன்னா நாம "பச்சை பேப்பர்".
• கேள்வி கேட்டா காத்திருக்கணும். மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணணும். இதுதான் ரொம்பக் கஷ்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2 வயசுக்குள்ள திரை வேண்டாம், 2 முதல் 4 வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு அதுல இருக்கு. சரி, போனை வாங்கி வெச்சுடுறோம். அந்தக் கைக்கு வேற என்ன கொடுக்கிறது? இதோ.

1. கப் டெலிபோன்

தேவை: ரெண்டு பேப்பர் கப், நாலஞ்சு மீட்டர் மெல்லிய கயிறு அல்லது கெட்டியான நூல், மருந்தை உடைச்சு எடுத்த ரெண்டு தீக்குச்சி.

கப்போட அடியில நடு இடத்துல ஊசியால ஒரு சின்ன ஓட்டை போடுங்க. இது பெரியவங்க வேலை. நூலை வெளியில இருந்து உள்ளே விட்டு, உள்பக்கம் தீக்குச்சித் துண்டுல கட்டிடுங்க, இழுத்தா வெளியே வராது. அடுத்த கப்பையும் இதே மாதிரி. கப்புல படம் வரையறது குழந்தை வேலை.

நூல் விறைப்பா இருந்தாத்தான் பேச்சு கேட்கும். தொய்ஞ்சா கேட்காது. நடுவுல சுவர்ல உரசினாலும், யாராவது கையால பிடிச்சாலும் நின்னுடும். நம்ம குரல் கப்போட அடியை அதிர வைக்குது, அந்த அதிர்வு நூல் வழியா போய் அடுத்த கப்பை அதிர வைக்குது, அவ்வளவுதான். இறுக்கமா இழுத்த கம்பி வழியா ஒலி போறதைப் பத்தி ராபர்ட் ஹூக் 1665-லேயே தன் புத்தகத்துல எழுதியிருக்கார். டெலிபோன் வர்றதுக்கு ரெண்டு நூற்றாண்டுக்கு முன்னாடி!

இந்த விளையாட்டுல ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் கேட்டே ஆகணும். 'உன் முறை, என் முறை'ங்கிற பழக்கம் பேச்சுக்கு அஸ்திவாரம். என் பையன் ஹால்ல, நான் சமையலறையில. முதல் ரெண்டு நாள் வெறும் சிரிப்பு மட்டும்தான் வந்தது.

2. காத்தாடி

தேவை: ஒரு ஏ4 தாள், குண்டூசி, காலியான பேனா ரீஃபில், விளக்குமாத்துக் குச்சியை விடக் கொஞ்சம் தடிமனான ஒரு குச்சி. பின்பக்கம் ரப்பர் வெச்ச பென்சில் இருந்தா இன்னும் சுலபம்.

தாளோட ஒரு முனையை எதிர் ஓரத்துக்கு மடிச்சு, மீதியை வெட்டினா 21 செ.மீ. சதுரம் கிடைக்கும். மூலைக்கு மூலை ரெண்டு தடவை மடிச்சுப் பிரிங்க. நாலு மூலையில இருந்தும் மடிப்புக் கோட்டு மேலயே வெட்டிக்கிட்டு வாங்க, நடுப்புள்ளிக்கு 3 செ.மீ. முன்னாடி நிறுத்திடுங்க. இப்போ எட்டு முனை இருக்கும். ஒண்ணு விட்டு ஒண்ணா நாலு முனையை நடுவுக்கு வளைச்சுக் கொண்டு வந்து குண்டூசியைக் குத்துங்க. காத்தாடிக்கும் குச்சிக்கும் நடுவுல 1 செ.மீ. ரீஃபில் துண்டைக் கோத்துடுங்க. அது இல்லன்னா தாள் குச்சியில உரசி சுத்தாது. ஊசி முனை வெளியே தெரிஞ்சா வளைச்சு டேப் சுத்துங்க.

"ஊது", "சுத்துது", "நின்னுடுச்சு". மூணு வினைச்சொல், திரும்பத் திரும்ப. ஊதறது உதட்டுக்கும் மூச்சுக்கும் நல்ல விளையாட்டு. ஊத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துங்க, அவங்களே "ஊது"ன்னு கேட்கட்டும்.

3. மஞ்சள் தாள் மாயம்

தேவை: மஞ்சள்தூள், சமையல் சோடா, எலுமிச்சை, வெள்ளைத் தாள், காது குடையற பஞ்சுக் குச்சி.

அரை ஸ்பூன் மஞ்சளை நாலு ஸ்பூன் தண்ணியில கலக்கி, தாள் முழுக்கப் பூசி, ஃபேன் காத்துல காய வைங்க. கால் டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் சோடாவைக் கரைச்சு, பஞ்சுக் குச்சியால அந்தத் தாள்ல வரையச் சொல்லுங்க. கோடு செவப்பா வரும். அது மேல எலுமிச்சைச் சாறு தடவினா மறுபடி மஞ்சள். குழந்தை முகத்தைப் பாருங்க அப்போ!

மஞ்சள்ல இருக்கிற குர்குமின், காரம் பட்டா செவக்கும், அமிலம் பட்டா பழையபடி மஞ்சளாகும். வேட்டியில பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் செவக்குதே, அதே கதைதான். ஆரத்தித் தண்ணியும் இப்படித்தான், மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்து செவக்குது. ஆனா குழந்தை கையில சுண்ணாம்பு கொடுக்காதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து. சோடாவே போதும்.

4. கை மயில்

தேவை: பழைய கல்யாணப் பத்திரிகைகள், பசை, ஸ்டிக்கர் பொட்டு, ஒரு அட்டை.

குழந்தையோட உள்ளங்கையைப் பத்திரிகை மேல வெச்சு பென்சிலால சுத்தி வரைங்க. மொத்தம் ஏழு கை. நீங்க வெட்டுங்க, அவங்க ஒட்டட்டும். விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி விசிறியா ஒட்டினா தோகை. நடுவுல நீலத் தாள்ல கழுத்தும் உடம்பும். ஒவ்வொரு விரல் நுனியிலயும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பொட்டை உரிச்சு ஒட்டற வேலைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரணும். நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போறதும் அதே ரெண்டு விரல்தான்.

இது யாரோட வாகனம்னு இங்க யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். பின்பக்கம் தேதி எழுதி வைங்க. அடுத்த வருஷம் அதே மயில் மேல கையை வெச்சுப் பார்த்தா எவ்வளவு வளர்ந்திருக்காங்கன்னு தெரியும்.

சில நடைமுறை விஷயங்கள்

எனக்கு மதியம் ஆரம்பிச்சு ராத்திரி பத்தரை வரைக்கும் ஷிஃப்ட். அதனால காலையில எட்டு மணிக்கு அரை மணி நேரம். போன் வேற ரூம்ல. ஒரு நாளைக்கு ஒரு கைவேலை போதும். மயில் கோணலா வந்தா கோணலாவே இருக்கட்டும், நாம திருத்திக் கொடுத்தா அது நம்ம மயில் ஆயிடும். அஞ்சு நிமிஷத்துல எழுந்து ஓடினா விட்டுடுங்க, மிச்சம் நாளைக்கு. ஊசி, ரீஃபில் துண்டு, பொட்டு எல்லாம் முடிஞ்சதும் எண்ணி எடுத்து வைங்க, வாயில போடுற வயசு.

இன்னொண்ணு, இது மருந்து இல்ல. ரெண்டு வயசு முடிஞ்சும் குழந்தை ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலன்னா, "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்"னு வீட்டுல சொல்றதைக் கேட்டுக்கிட்டு காத்திருக்காதீங்க. முதல்ல காதுப் பரிசோதனை, அப்புறம் பேச்சுப் பயிற்சி நிபுணர். எங்களுக்கும் வாரம் ரெண்டு நாள் பயிற்சி இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. அவன் வயசுப் பிள்ளைங்க அளவுக்கு அவன் இன்னும் வரல.

ஆனா போன வாரம், கப்பைக் காதுல வெச்சுக்கிட்டு நான் பத்து வரைக்கும் எண்ணிட்டு இருந்தேன். எட்டுல குரல் வந்தது: "அப்பா, இங்க வா."

இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேப்பர் கப் எடுங்க. வீட்டுல இருக்கிற வாண்டைக் கூப்பிட்டு ஒரு முனையைக் கையில கொடுங்க. நூலை விறைப்பா பிடிக்க மறக்காதீங்க!