வரிசையில் எத்தனையாவது இடம்?

மாலை நேரத்தில் ஈசூன் அணைக்கட்டுப் பக்கம் போனால் தூண்டில் போடுபவர்கள், மிதிவண்டி ஓட்டுபவர்கள், சும்மா காற்று வாங்க வந்தவர்கள் எனப் பலரைக் காணலாம். அவ்வப்போது ஒரு சிறிய விமானம் தாழ்ந்து வந்து, அருகிலுள்ள சிலேத்தார் விமான நிலையத்தில் இறங்கும். அவற்றுள் சிலவற்றை ஓட்டுபவர்கள் மாணவர்கள். இளையர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தருவதற்காக 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மன்றம் இன்று சிலேத்தாரில்தான் இயங்குகிறது.

விமானம் ஓட்டக் கற்பது கடினம் என்பது எல்லாருக்கும் தெரியும். கற்று முடித்து வேலையில் சேர்ந்த பிறகு ஒரு விமானி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

பயணிகள் விமானத்தின் விமானி அறையில் முன்பக்கம் இரண்டு இருக்கைகள் இருக்கும். இடப்பக்கம் கேப்டன், வலப்பக்கம் துணை விமானி. கேப்டனின் தோளில் நான்கு பட்டைகள். துணை விமானிக்குப் பெரும்பாலும் மூன்று. வல இருக்கைக்கும் இட இருக்கைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம்தான். அதைக் கடக்கச் சிலருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகிவிடுகிறது.

தகுதி ஒரு காரணம். கேப்டனுக்குரிய உரிமத்தைப் பெற, அனைத்துலக விதிமுறைப்படி குறைந்தது 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். தேர்வுகள், மருத்துவச் சோதனை, பாவனைக் கருவியில் நடக்கும் சோதனை ஆகியவற்றிலும் தேற வேண்டும். ஆனால், இவை எல்லாம் இருந்தாலும் இட இருக்கை ஒன்று காலியாக வேண்டுமே! ஓர் இடம் காலியாகும்போது தகுதி பெற்ற இருபது பேர் காத்திருந்தால் யாரை அழைப்பது? உலகின் பல விமான நிறுவனங்கள் இதற்கு ஒரே விடையைத்தான் வைத்திருக்கின்றன. அதுதான் பணிமூப்பு.

இங்கே மூப்பு என்பது வயதைக் குறிப்பதில்லை. நிறுவனத்தில் சேர்ந்த நாளையே குறிக்கிறது. 25 வயதில் முன்பே சேர்ந்தவர், 40 வயதில் பின்னர் சேர்ந்தவருக்கு மூத்தவர். ஒரே நாளில் பலர் சேர்ந்தால் என்ன செய்வது? சில நிறுவனங்களில் அப்போது மட்டும் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு விமானிக்கும் பட்டியலில் ஓர் எண் உண்டு. மேலே இருப்பவர் ஓய்வுபெற்றால் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு படி ஏறுவார்கள்.

இந்த முறை அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே விமானச் சேவை வளரத் தொடங்கிய காலத்தில், மோசமான வானிலையிலும் பறக்கும்படி விமானிகள் நெருக்கப்பட்டார்கள். மறுத்தவர் வேலையை இழக்கலாம்; தலையாட்டியவருக்கு நல்ல வழித்தடம் கிடைக்கலாம். 1931ஆம் ஆண்டு அமெரிக்க விமானிகள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். பணிமூப்புப் பட்டியல் அவர்களுக்கு ஒரு கேடயமாக இருந்தது. "இந்த வானிலையில் நான் பறக்க மாட்டேன்" என்று சொல்லும் விமானியின் பதவி உயர்வை மேலாளரால் தடுக்க முடியாது. விமானத்தில் அமர்ந்திருக்கும் பயணிகளுக்கும் இது நன்மையே.

சிங்கப்பூரில் மற்ற வேலைகளிலும் பணிக்காலத்துக்கு மதிப்பு உண்டு. வேலை நியமனச் சட்டப்படி, ஓர் ஊழியருக்கு முதல் ஆண்டில் குறைந்தது 7 நாள் வருடாந்திர விடுப்பு கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாளாக அது கூடி, எட்டாம் ஆண்டில் 14 நாளாகிறது. ஆனால், அலுவலக ஊழியர் பெரும்பாலும் எத்தனை நாள் விடுப்பு என்று மட்டும் பார்த்தால் போதும். விமானிக்கு எந்த நாள் என்பதே பெரிய கேள்வி.

ஈசூனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் துணை விமானி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய நிறுவனத்தில் அவரைப்போல 100 துணை விமானிகள் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் 8 பேருக்கு மேல் விடுப்பு கொடுத்தால் விமானங்களை ஓட்ட ஆள் போதாது. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவற்றை எல்லாருமே கேட்பார்கள். மூத்தவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டியலில் 90ஆம் இடத்தில் இருக்கும் இவருக்கு மிஞ்சுவது பிப்ரவரியின் கடைசி வாரம். "அப்பா, இந்தத் தீபாவளிக்காவது வீட்டில இருப்பீங்களா?" என்று மகள் கேட்கிறாள். அவரால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. அன்று காலையில் தேக்காவில் கூட்டம் அலைமோதும்போது, அவர் சிட்னியில் ஒரு விடுதி அறையில் இருக்கக்கூடும்.

இதைச் சரிசெய்யச் சில நிறுவனங்கள் புள்ளி முறையையோ சுழற்சி முறையையோ பின்பற்றுகின்றன. சென்ற ஆண்டு டிசம்பரில் விடுப்பு எடுத்தவர் இந்த ஆண்டு வரிசையில் பின்னுக்குப் போவார். சக விமானியுடன் விடுப்பை மாற்றிக்கொள்ளச் சில இடங்களில் அனுமதி உண்டு. சிறு பிள்ளைகள் உள்ள இளம் விமானிகளுக்குச் சுழற்சி முறைதான் நல்லது. பள்ளி விடுமுறை யாருக்கு அதிகம் தேவையோ, அவர்கள்தான் பெரும்பாலும் பட்டியலின் அடியில் இருக்கிறார்கள்!

விடுப்பு வேறு, ஓய்வு வேறு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். விடுப்பில் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு வரலாம். களைப்பைத் தடுக்கும் ஓய்வு விதிகளில் அது வர முடியாது. அமெரிக்க விதிப்படி, பயணிகள் விமானத்தின் விமானி எவரும் 365 நாளில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது. பட்டியலில் முதலிடத்தில் இருப்பவருக்கும் இதே வரம்புதான்.

பணிமூப்பு முறையின் இன்னொரு முகம் அவ்வளவு இனிமையானது அன்று. இருபது ஆண்டுகள் பணியாற்றிய கேப்டன் ஒருவர் வேறு நிறுவனத்துக்கு மாறினால், அந்த அனுபவம் அவருடன் வரும். பட்டியல் எண் வராது. இம்முறையைக் கண்டிப்பாகப் பின்பற்றும் நிறுவனத்தில் அவர் மீண்டும் வல இருக்கையில், கடைசி எண்ணுடன் தொடங்க வேண்டியிருக்கும். 2007 டிசம்பரில் அமெரிக்கா விமானிகளின் ஓய்வு வயதை 60இலிருந்து 65க்கு உயர்த்தியது. மூத்தவர்களுக்கு மகிழ்ச்சி. அவர்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கோ, இடம் காலியாகும் நாள் தள்ளிப்போனது.

நெருக்கடி வரும்போது பட்டியல் அடியிலிருந்து தேய்கிறது. கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வேலையை இழப்பார் என்பது பல நிறுவனங்களின் விதி. 2020 மார்ச்சில், கொவிட்-19 பரவலால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சில்க்ஏரும் தங்களிடமிருந்த 147 விமானங்களில் ஏறத்தாழ 138 விமானங்களைத் தரையில் நிறுத்தின. விமானச் சிப்பந்திகள் சிலர் ஈசூனில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உதவும் பணியில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 வேலையிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது எழுகிறது. ஒரு நிறுவனம் வேகமாக வளர்ந்ததால் அங்கே ஒருவர் எட்டு ஆண்டில் கேப்டனாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக வளர்ந்த மற்றதில் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகும் துணை விமானி. இருவரையும் ஒரே பட்டியலில் எழுத வேண்டும். சேர்ந்த நாளைப் பார்த்தால் துணை விமானி மூத்தவர். பதவியைப் பார்த்தால் கேப்டன் மூத்தவர். எப்படி எழுதினாலும் ஒருவர் ஏமாற்றமடைவார்.

இந்தியாவில் 2007ஆம் ஆண்டு ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டபோது இத்தகைய சிக்கல்தான் எழுந்தது. ஏர் இந்தியா பெரும்பாலும் வெளிநாடுகளுக்கும், இந்தியன் ஏர்லைன்ஸ் பெரும்பாலும் உள்நாட்டிலும் பறந்துகொண்டிருந்தன. விமானிகளுக்கு வெவ்வேறு சங்கங்கள், வெவ்வேறு சம்பளம். போயிங் 787 என்ற புதிய விமானங்கள் வரவிருந்த நேரத்தில், அவற்றை ஓட்ட யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. இரு தரப்பினருக்கும் பயிற்சி கொடுத்தால் தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் அஞ்சினார்கள். 2012 மே மாதம், அவர்களில் பலர் உடல்நலமில்லை என்று கூறி வேலைக்கு வரவில்லை. நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தது. வெளிநாட்டுச் சேவைகள் பல ரத்தாயின. வேலைநிறுத்தம் 58 நாள் நீடித்து, டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு ஜூலை 3ஆம் தேதி முடிந்தது. சம்பளமும் இதில் ஒரு பிரச்சினைதான். என்றாலும், அதன் நடுவில் இருந்தது இட இருக்கைக்கான வரிசை.

2024 நவம்பர் 12ஆம் தேதி விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விஸ்தாராவில் டாடா குழுமத்துடன் பங்காளியாக இருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு, இணைந்த நிறுவனத்தில் 25.1 விழுக்காட்டுப் பங்கு கிடைத்தது. மீண்டும் இரண்டு நிறுவனங்களின் விமானிகள் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். யாருக்கு எத்தனையாவது இடம் என்ற கேள்வியும் அவர்களுடனேயே வந்தது.