அமெரிக்காவின் முதல் அரசியல் யாப்பு: குணமும் குற்றமும்

ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் யாப்பு என்றவுடன், 1787ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரில் வரையப்பட்டதே நம் நினைவுக்கு வரும். அதற்கு முன்னரும் அந்நாட்டுக்கு ஒரு யாப்பு இருந்தது. கூட்டிணைப்பு உறுப்புரைகள் எனப்படும் அதனைக் காங்கிரஸ் என்னும் பேரவை 1777 நவம்பர் 15இல் ஏற்றது. பதின்மூன்று மாநிலங்களும் உடன்பட்டு அது நடைமுறைக்கு வந்தது 1781 மார்ச் 1இலேயாம்.

இதன் இயல்பை விளங்கிக்கொள்ள, இதனை ஆக்கியோர் மனநிலையை முதலில் அறிதல் வேண்டும். தம் பிரதிநிதிகள் இல்லாத பிரித்தானியப் பாராளுமன்றம் விதித்த வரிகளை எதிர்த்தே அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆதலின், தொலைவிலிருந்து ஆளும் எவ்வதிகாரத்தையும் அவர்கள் ஐயுற்றனர். ஆட்சியை நடத்தும் தனித் தலைவரோ, தேசிய நீதித்துறையோ அமைக்கப்படவில்லை. பெரிதாயினும் சிறிதாயினும் மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கே உண்டு. முக்கிய கருமங்களுக்கு ஒன்பது மாநிலங்களின் இசைவு வேண்டும். யாப்பைத் திருத்தவோ பதின்மூன்றும் இசைதல் வேண்டும்.

இவ்வையத்தின் விளைவு விரைவிலே தோன்றிற்று. காங்கிரஸ் போர் தொடுக்கலாம், கடன் வாங்கலாம். வரி விதித்தல் மட்டும் இயலாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடாதவிடத்து வற்புறுத்த வழியில்லை. இறக்குமதிப் பொருள்கள்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் தீர்வை பெற 1781இல் முன்வைத்த திருத்தம், ரோட் ஐலண்ட் என்னும் மிகச் சிறிய மாநிலத்தின் மறுப்பினால் வீழ்ந்தது. 1783 யூன் மாதத்திற் சம்பளம் பெறாத போர்வீரர் பிலடெல்பியாவில் மண்டபத்தைச் சூழ்ந்துகொள்ள, காங்கிரஸ் பிறின்ஸ்ரன் நகருக்கு இடம்பெயர்ந்தது. சுதந்திரத்திற்காகப் போராடியவர்களுக்குக் கூலி கொடுக்கவும் சுதந்திர அரசிடம் பொருளில்லை! 1786இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கடன்பட்ட உழவர் கிளர்ந்தபோதும் காங்கிரஸ் செயலற்றிருந்தது. வணிகர் திரட்டிய பணத்தாற் கூட்டிய படையே கலகத்தை அடக்கிற்று.

எனினும், குற்றமொன்றையே நோக்குதல் நடுவுநிலைமையாகாது. இவ்வாட்சியே 1783இற் பிரித்தானியாவுடன் உடன்படிக்கை செய்து போரை முடித்தது. ஒரு மாநிலத்துச் சுதந்திரக் குடிகள் ஏனைய மாநிலங்களிலும் உரிமையுடன் வாழ இவ்யாப்பு வழிசெய்தது. யாவற்றினும் சிறந்தது 1787 யூலை 13இல் இயற்றிய வடமேற்குக் கட்டளைச் சட்டம். ஒகாயோ ஆற்றுக்கு வடக்கேயுள்ள நிலத்தை அது அடிமை நாடாக வைத்திருக்கவில்லை. ஆங்குப் புதிய மாநிலங்கள் பழைய மாநிலங்களோடு சரிநிகராகச் சேரலாமென விதித்தது. அடிமை முறையையும் ஆங்குத் தடைசெய்தது. ஒகாயோ முதலிய ஐந்து மாநிலங்கள் இவ்வாறு உருவாயின. ஆயின், அந்நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு அச்சட்டம் அளித்த நல்லுறுதி காப்பாற்றப்படவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

புதிய யாப்பு 1789இல் நடைமுறைக்கு வந்தது. அது மத்திய அரசுக்கு வரி விதிக்கும் உரிமையை அளித்தது. பழைய அச்சமோ முற்றாக நீங்கவில்லை. குடிகளின் உரிமைகளைக் காக்கும் பத்துத் திருத்தங்கள் 1791இற் சேர்ந்தன. அதிகாரத்தை அஞ்சுதல் அறிவே. ஆயினும், கடமையைச் சுமத்திவிட்டு அதனை ஆற்றும் வலிமையை மறுக்கும் யாப்பு, தான் காக்க எண்ணிய சுதந்திரத்தையே காக்க மாட்டாதாகும். அரசியல் பயிலும் மாணவர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவேயாம்.