நான்கு வரி இணைப்பை ஒரே வரிக்குள்

எங்கள் ஊர்க் கோயில் பற்றிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையின் இணைப்பைக் கும்பாபிஷேக மலரில் அச்சிட வேண்டும். நகலெடுத்தால் சதவீதக் குறிகளாக நான்கு வரிக்கு நீள்கிறது. சுருக்க வழி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

தாராளமாக உண்டு. உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. இணைய முகவரிக்குள் நம் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகப் பிரிந்து, ஒன்பது குறிகளாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு மட்டும் 45 குறிகள்! புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு.

விக்கிப்பீடியா கட்டுரை என்பதால் உங்கள் வேலை இன்னும் சுலபம். அதே பக்கத்தின் ‘கருவிகள்’ பட்டியலில் சுருக்கிய முகவரி பெறும் வசதி இருக்கிறது. அழுத்தினால் ஒரு வரிக்குள் அடங்கும் முகவரி வரும். அதையே அச்சிடுங்கள்.

நன்கொடைப் படிவம், யூடியூப் காணொளி போன்ற மற்ற இணைப்புகளுக்கு, முகவரியைச் சுருக்கித் தரும் டைனியூஆர்எல் தளம் போதும். 2002 முதல் இயங்குகிறது. கணக்கு தொடங்காமலே பயன்படுத்தலாம். நீண்ட இணைப்பை ஒட்டி, சுருக்கிய முகவரியின் கடைசிப் பகுதிக்கு ஊர்ப்பெயரையும் ஆண்டையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் நீங்களே பெயர் வையுங்கள். தானாக வரும் பெயரைத் தாளைப் பார்த்துத் தட்டுபவர்கள் திணறுவார்கள்.

கணக்கில்லாமல் உருவாக்கிய இணைப்பைப் பிறகு திருத்த முடியாது. ஆகவே அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்ததும், அந்தத் தாளைப் பார்த்தே வேறொருவர் கைபேசியில் தட்டித் திறந்து பாருங்கள்.